அறுபதாயிரம் பாட்டும் ஒரு போனும்

பாட்டு கேட்கும் ஆப்களைப் பற்றி வந்த கடிதங்களில் ஒரு ஒற்றுமை. முந்நூறு பாட்டு வைத்திருப்பவர் ஒருவர்கூட எழுதவில்லை. எழுதியவர்கள் எல்லோரும் பெருஞ்சேகரிப்பாளர்கள். சிலர் வீட்டுக் கம்ப்யூட்டரில் நாவிட்ரோம், ஜெல்லிஃபின் போன்ற சர்வரை நிறுவி, வாழ்நாள் முழுக்கச் சேர்த்த பாட்டைப் போனில் வரவழைத்துக் கேட்கிறார்கள். மற்றவர்கள் ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் மாதிரி இடங்களில் பல்லாயிரம் பாட்டுக்கு இதயக்குறி போட்டு வைத்திருக்கிறார்கள். இந்த வாரப் பக்கம் முழுக்க அவர்களுக்கே.

கே: சர்வரில் அறுபதாயிரம் பாட்டு இருக்கிறது. போனில் ஆப்பைத் திறந்தால் வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. போன் புதுசு, வைஃபை வேகம். தப்பு யார் மேல்?
— ஒரு வாசகர், திருச்சி

ப: முதல் நாள் என்றால் யார் மேலும் இல்லை. ஆப் அந்த நேரத்தில் பாட்டை இறக்கவில்லை. பாட்டுகளைப் பற்றிய விவரங்களை இறக்கிக்கொண்டிருக்கிறது. பெயர், பாடியவர், ஆல்பம், ஆண்டு, நீளம். எல்லாவற்றையும் போனுக்குள் ஒரு தரவுதளத்தில் எழுதி வைக்கும். பெரும்பாலும் அது எஸ்க்யூலைட். ரிச்சர்டு ஹிப் 2000-இல் உருவாக்கியது, இன்று எல்லா ஆண்ட்ராய்டு போன்களிலும் ஐபோன்களிலும் இருக்கிறது. அறுபதாயிரம் வரி அதற்கு ஒரு வாய்க்குக்கூடக் காணாது.

தாமதம் ஆப்பும் சர்வரும் நடத்தும் பேச்சுவார்த்தையில். சப்சானிக் என்ற முறையில் பேசும் சர்வர்கள் ஒரு தடவைக்கு அதிகபட்சம் 500 ஆல்பத்தின் பட்டியலைத்தான் தரும். உங்களிடம் ஐயாயிரம் ஆல்பம் இருந்தால் அதற்குப் பத்து தடவை கேட்டால் போதும். ஆனால் அதன்பிறகு, 'இந்த ஆல்பத்துக்குள் என்னென்ன பாட்டு?' என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேட்கிற ஆப்கள் உண்டு. அப்படியானால் ஐயாயிரம் கேள்வி, ஐயாயிரம் பதில். முதல்முறை போனைச் சார்ஜரில் செருகி, திரையை அணைய விடாமல், வைஃபை பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்ச் சாப்பிடுங்கள். பொறுமையிழந்து ஆப்பை மூடினால் பல ஆப்கள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

இரண்டாம் நாளும், பத்தாம் நாளும் சுற்றினால் அட்டைப்படத்தைச் சந்தேகியுங்கள். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 3000-க்கு 3000 புள்ளி உள்ள ஒரு அட்டைப்படம் ஃபைலாக இருக்கும்போது ஒரு எம்பிதான். திரையில் காட்ட அதை விரிக்கும்போது புள்ளிக்கு நான்கு பைட் வீதம் 3 கோடியே 60 லட்சம் பைட் நினைவகம் கேட்கும். ஒரு திரையில் இருபது ஆல்பம் என்றால் 72 கோடி. நன்றாக எழுதப்பட்ட ஆப் படத்தைச் சுருக்கிக்கொண்டே விரிக்கும். மற்றவை மூச்சு முட்டி மூடிக்கொள்ளும். கம்ப்யூட்டரில் எம்பி3டேக் மாதிரி ஒரு கருவியைக் கொண்டு எல்லா அட்டைகளையும் 600-க்கு 600 ஆக்கிவிடுங்கள். அதே படம் 14 லட்சத்து 40 ஆயிரம் பைட்டில் அடங்கிவிடும், போன் திரையில் வித்தியாசம் தெரியாது.

கே: கேச் அழிப்பதும் டேட்டா அழிப்பதும் ஒன்றுதானே?
— ஒரு கல்லூரி மாணவி, நாகர்கோவில்

ப: அம்மா, விரலை எடுங்கள்! கேச் என்பது ஆப் தன் வசதிக்காகச் சேர்த்து வைத்த தற்காலிகச் சரக்கு. அழித்தால் மறுபடி சேர்த்துக்கொள்ளும். டேட்டாவை அழித்தால் லாகின், அமைப்புகள், பல ஆப்களில் டவுன்லோடு செய்த பாட்டுகள் எல்லாமே போய்விடும். முதலில் ஆப்பை முழுதாக நிறுத்தித் திறங்கள். பிறகு கேச். பிறகு அப்டேட். டேட்டா கடைசி, அதுவும் பிளேலிஸ்ட் சர்வரில் பத்திரமாக இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு.

கே: 'ரோஜா' ஆல்பம் என் ஆப்பில் ஒரே அட்டைப்படத்தோடு ஐந்து தடவை இருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பாட்டு. ஆப்பை மாற்றினேன், போனை மாற்றினேன், ரோஜா மாறவில்லை.
— ஒரு வாசகர், கோவை

ப: மாற்ற வேண்டியது டேக், அதாவது பாட்டு ஃபைலுக்குள் எழுதியிருக்கும் விவரம். மேற்கத்திய பாப் ஆல்பத்தில் ஒரே குழு எல்லாப் பாட்டையும் பாடும் என்ற எண்ணத்தில்தான் பல ஆப்கள் எழுதப்பட்டன. நம் சினிமா ஆல்பம் அப்படியா? 1992-இல் வந்த ரோஜாவில் மின்மினி ஒரு பாட்டு, எஸ்.பி.பி.யும் சுஜாதாவும் சேர்ந்து ஒன்று, எஸ்.பி.பி.யும் சித்ராவும் சேர்ந்து ஒன்று, உன்னி மேனனும் சுஜாதாவும் ஒன்று, ஹரிஹரன் ஒன்று. 'பாடியவர் வேறு, ஆகவே ஆல்பம் வேறு' என்று ஆப் முடிவுகட்டி, ஒரே குடும்பத்துக்கு ஐந்து ரேஷன் கார்டு போட்டுவிட்டது.

மருந்து ஒன்றே ஒன்று. எம்பி3 ஃபைலில் 'ஆர்ட்டிஸ்ட்' என்ற இடம் தவிர 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' என்று தனியாக ஓர் இடம் உண்டு. பாடியவர்கள் பெயரை முதலாவதில் அப்படியே விட்டுவிட்டு, இரண்டாவதில் ஐந்து பாட்டுக்கும் ஏ.ஆர்.ரஹ்மான் என்று ஒரே மாதிரி எழுதுங்கள். ஒரே மாதிரி என்றால் புள்ளி, இடைவெளி உள்பட. பிறகு சர்வரில் முழு ஸ்கேன் ஓட விடுங்கள். ரோஜா ஒன்றாகிவிடும். அது ரஹ்மானுடைய முதல் படத்தின் ஆல்பம்; அதை ஐந்தாகச் சிதறவிட்டு வைத்திருப்பது எனக்கே மனசு கேட்கவில்லை.

பெரிய சேகரிப்பில் வரும் தொந்தரவுகளில் பெரும்பகுதி இந்த வகைதான் என்பது என் உறுதியான கருத்து. ஐந்நூறு பாட்டு இருக்கும்போது பெயர் தப்பாக இருந்தாலும் கண்ணே தேடிக்கொள்ளும். ஐம்பதாயிரத்தில் பெயர் தப்பான பாட்டு, இல்லாத பாட்டு. போனுக்குச் செலவழிக்கும் நேரத்தில் பாதியை டேக்குக்குக் கொடுங்கள்.

கே: இளையராஜா என்று தேடினால் நானூறு பாட்டு வருகிறது. என்னிடம் அவருடைய பாட்டு மூவாயிரத்துக்கும் மேல் உண்டு. மற்றவை எங்கே போயின?
— ஒரு வாசகர், தேனி

ப: எங்கும் போகவில்லை, வேறு வேறு பெயரில் ஒளிந்திருக்கின்றன. ஆங்கிலத்தில் 'ஐ'யும் 'ஒய்'யுமாக, ஒற்றை எல்லும் இரட்டை எல்லுமாக, ஒற்றை ஏயும் இரட்டை ஏயுமாக அவர் பெயரை எழுதாத விதமில்லை. அதில் பாதியாவது உங்கள் சேகரிப்பில் இருக்கும். கம்ப்யூட்டரில் ஆர்ட்டிஸ்ட் வாரியாக அடுக்கி, எல்லா எழுத்து வடிவங்களையும் தேர்ந்தெடுத்து, ஒரே தடவையில் ஒன்றாக்குங்கள். மாலை நேர வேலை, ஆனால் தேனிக்காரர் செய்யத்தக்க வேலை.

தமிழிலேயே எழுதி வைத்தவர்களுக்கு இன்னொரு கண்ணி உண்டு. யூனிகோடில் 'கொ' என்ற எழுத்தின் துணைக்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. இரண்டையும் சமமாகக் கொள்ளச் சொல்லிக்கொடுக்காத ஆப்புக்கு இரண்டும் வேறு. பழைய மேக் கணினிகள் ஃபைல் பெயர்களைப் பிரித்த வடிவில்தான் சேமித்தன. அங்கிருந்து காப்பி செய்த பாட்டுகளில் இது அதிகம். 'ஸ்ரீ' இன்னும் மோசம். வழக்கமான ஸ வைத்தும் அதை எழுதலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶ வைத்தும் எழுதலாம், திரையில் பெரும்பாலும் ஒரே உருவம். தேடினால் பாதி ஸ்ரீராமர் வருவார், மீதி ஸ்ரீராமர் வரமாட்டார். ஒரே விசைப்பலகையில் உட்கார்ந்து மறுபடி தட்டி மாற்றுவதே சுருக்கமான வழி.

கே: முப்பது ஆண்டுகள் தமிழாசிரியர் பணி. என் ஆப்பில் படப் பெயர்கள் அகர வரிசையில் இல்லை. 'அன்பே வா' எப்படி ஐயா 'அபூர்வ ராகங்க'ளுக்கு முன்னால் வரும்? பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது.
— ஓய்வு பெற்ற ஆசிரியர், கும்பகோணம்

ப: பதற வேண்டியதுதான் ஐயா. நம் வரிசையில் ன கடைசி மெய். ஆனால் யூனிகோடு அட்டவணையில் ன, ந-வுக்கு அடுத்து, ப-வுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. ற, ர-வுக்குப் பக்கத்தில். ல, ள, ழ மூன்றும் சேர்ந்தாற்போல், அதன்பின் வ. ஜ-வோ ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில். இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் அமைப்பைப் பின்பற்றியதால் வந்த இடவரிசை இது. அந்த எண்களை மட்டும் பார்த்து அடுக்கும் ஆப், அன்பே வா, அபூர்வ ராகங்கள், அலைகள் ஓய்வதில்லை, அழகி, அவள் ஒரு தொடர்கதை என்று வைக்கும். உங்கள் மாணவர்கள் வைப்பது: அபூர்வ ராகங்கள், அலைகள் ஓய்வதில்லை, அவள் ஒரு தொடர்கதை, அழகி, அன்பே வா.

சரியாக அடுக்கும் தமிழ் விதி ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ஏற்கெனவே இருக்கிறது. ஆப்பை எழுதியவர் அதைக் கூப்பிட வேண்டும், அவ்வளவே. போனின் மொழியைத் தமிழாக்கிப் பாருங்கள். சில ஆப்கள் உடனே திருந்தும். திருந்தாவிட்டால் ஆப்பை உருவாக்கியவருக்கு, மேலே சொன்ன ஐந்து படப் பெயரையும் இரண்டு வரிசையிலும் எழுதி அனுப்புங்கள். 'தமிழில் வரிசை சரியில்லை' என்று பொதுவாகச் சொன்னால் அவருக்குப் புரியாது. எடுத்துக்காட்டோடு முப்பது ஆண்டு பாடம் நடத்தியவர் சொன்னால் புரியும்.

கே: பழைய ஃபைல்களில் படத்தின் பெயர் 'தில்லானா ம' என்று முடிந்து, அதன்பின் ஒரு கறுப்புக் கட்டம் வருகிறது. மோகனாம்பாளை யார் கடத்தினார்கள்?
— ஒரு வாசகி, மயிலாடுதுறை

ப: 30 பைட் கடத்தியது. 1996-இல் வந்த முதல் ஐடி3 டேக், பாட்டு ஃபைலின் கடைசியில் வெறும் 128 பைட் இடம் பிடித்துக்கொண்டது. அதில் ஆல்பத்தின் பெயருக்கு 30 பைட். ஆங்கிலத்தில் அது முப்பது எழுத்து. தமிழ் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். 'தில்லானா' 24 பைட்டைத் தின்றுவிடும், இடைவெளி ஒன்று, 'ம' மூன்று. மிச்சம் இரண்டு பைட்டில் ஓகாரத்தின் துணைக்குறி நுழைய முடியாமல் அறுந்து தொங்குகிறது, அதுதான் கட்டம். டேக் கருவியில் பழைய பதிப்பை நீக்கிவிட்டு, இரண்டாம் பதிப்பு டேக்காக முழுப் பெயரையும் எழுதிச் சேமியுங்கள். அதில் இந்த நெருக்கடி இல்லை.

முழுப் பெயரும் விளங்காத குறிகளாக வந்தால் அது வேறு நோய். யூனிகோடு பரவுவதற்கு முன் டிஸ்கி முதலிய எழுத்துக் குறியாக்கங்களில் தட்டியவை அவை. அழித்துவிடாதீர்கள். குறியாக்க மாற்றியில் போட்டால் பெயர் அப்படியே மீளும்.

கே: நாற்பதாயிரம் பாட்டை ஷஃபிளில் விட்டால், தினமும் பழகிய முகங்களே வருகின்றன. ஆப்புக்கு என் மேல் ஏதாவது அபிப்பிராயமா?
— ஒரு வாசகர், புதுச்சேரி

ப: இரண்டு சாத்தியம். முதலாவது, ஆப்பின் குறை. பெரிய பட்டியலை ஒரே மூச்சில் வாங்காமல் முதல் சில நூறு பாட்டை மட்டும் வாங்கி, அதையே குலுக்கிப் போடும் ஆப்கள் இருக்கின்றன. சோதிக்க எளிய வழி: பட்டியலைத் தலைகீழாக அடுக்கிவிட்டு ஷஃபிள் செய்யுங்கள். திடீரென்று முற்றிலும் வேறு கூட்டம் வந்தால் ஆப் கையும் களவுமாக மாட்டிக்கொண்டது. அப்போது ஷஃபிளைச் சர்வரிடம் விடுங்கள். 'ரேண்டம்' என்று தனிப் பொத்தான் இருக்கும்.

இரண்டாவது, கணக்கு. ஆப் ஒவ்வொரு நாளும் புதிதாக, நேர்மையாகக் குலுக்குகிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு ஐம்பது பாட்டு கேட்கிறீர்கள். ஆறே நாளில் ஏதாவது ஒரு பாட்டு இரண்டாம் முறை வருவதற்கான வாய்ப்பு பாதிக்கு மேல்! ஒரு வருடம் இப்படியே போனால் ஏறக்குறைய மூவாயிரம் பாட்டு இரண்டோ அதற்கு மேலோ தடவை வந்திருக்கும். அதே வருடத்தில் சேகரிப்பில் பாதிக்கு மேல் ஒருமுறைகூடக் காதில் விழுந்திருக்காது. நேர்மையான குலுக்கல் அப்படித்தான் நடந்துகொள்ளும், மனிதக் காதுக்கு அது ஓரவஞ்சனை போலத் தோன்றும். கேட்பவர்கள் இப்படிப் புகார் சொன்னதால்தான் ஸ்பாட்டிஃபை 2014-இல், ஒரே பாடகரின் பாட்டுகள் அடுத்தடுத்து வராமல் பரவி வரும்படி தன் ஷஃபிளை மாற்றியது. அதற்கு முன் அது பயன்படுத்தியது ஃபிஷரும் யேட்ஸும் 1938-இல் வெளியிட்ட, குறை சொல்ல முடியாத குலுக்கல் முறையை.

உங்களுக்கு வேண்டியது குலுக்கலே இல்லை என்பேன். 'கடைசியாகக் கேட்ட தேதி' என்ற விவரத்தை வைத்துத் தானாக மாறும் பிளேலிஸ்ட்டை நாவிட்ரோம் போன்ற சர்வர்களில் அமைக்கலாம். 'இதுவரை ஒருமுறையும் கேட்காதவை' என்று ஒன்று, 'ஒரு வருடமாகக் கேட்காதவை' என்று ஒன்று. வாரத்தில் இரண்டு நாள் அதை மட்டும் ஓட விடுங்கள். நீங்கள் ஆசைப்பட்டுச் சேர்த்தவர்கள்தானே, வரிசையில் நின்று காத்திருக்கிறார்கள்.

கே: மெல்லிசை கேட்டுக்கொண்டிருக்கும்போது நடுவில் என் குரலே, 'கேஸ் சிலிண்டர் எப்போ வரும்?' என்கிறது.
— ஒரு வாசகி, சேலம்

ப: அழைப்புப் பதிவு ஃபோல்டரையும் ஆப் பாட்டென்று எண்ணிச் சேர்த்துக்கொண்டது. அந்த ஃபோல்டருக்குள், முன்னால் ஒரு புள்ளி வைத்து 'நோமீடியா' என்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் பெயரிட்ட ஒரு வெற்று ஃபைலைப் போட்டுவிடுங்கள். ஆண்ட்ராய்டு அந்தப் பக்கமே எட்டிப்பார்க்காது. சிலிண்டர் வந்ததா?

கே: போனைப் பையில் போட்டு நடக்கத் தொடங்கினால், சரியாக இரண்டு மூன்று பாட்டில் நின்றுவிடுகிறது. கையில் வைத்திருந்தால் நிற்பதில்லை.
— ஒரு வாசகர், சென்னை

ப: நோயின் அடையாளத்தை மிகச் சரியாகச் சொல்லியிருக்கிறீர்கள். முன்கூட்டி இறக்கி வைத்த பாட்டுகள் தீரும்வரை ஓடுகிறது. அடுத்ததை இறக்க நெட்டைத் தொடும்போது தூங்கிப்போன போன் கதவைத் திறப்பதில்லை. பேட்டரியைக் காக்க, திரை அணைந்தபின் ஆப்களை அடக்கி வைக்கும் ஏற்பாடு 2015-இல் ஆண்ட்ராய்டு 6-இல் தொடங்கியது. போன் தயாரிப்பாளர்கள் பலர் அதன்மேல் தங்கள் கெடுபிடியையும் சேர்த்தார்கள். செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பேட்டரி பகுதிக்குப் போய் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' என்று மாற்றுங்கள். ஆப்புக்குள்ளேயே 'முன்கூட்டி இறக்க வேண்டிய பாட்டு எத்தனை' என்று அமைப்பு இருந்தால் அதையும் ஐந்தோ பத்தோ ஆக்குங்கள்.

கே: பத்து மணி நேர ரயில் பயணம். வழியில் சிக்னல் வரும், போகும். எதை, எவ்வளவு டவுன்லோடு செய்வது?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

ப: கணக்குப் போடுவோம். 320 கேபிபிஎஸ் எம்பி3 ஒரு மணி நேரத்துக்கு 144 எம்பி. பத்து மணி நேரத்துக்கு ஒன்றரை ஜிபிக்குச் சற்றுக் குறைவு. ஓபஸ் என்ற வடிவத்தில் 96 கேபிபிஎஸ்ஸுக்கு மாற்றி அனுப்பும்படி சர்வரிடம் சொன்னால் மணிக்கு 43 எம்பிதான். ரயில் சத்தத்தில் வித்தியாசம் கண்டுபிடித்தால் உங்கள் காதுக்கு மாலை போடலாம். ஃப்ளாக் ஃபைல்களை வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பாட்டிஃபைகாரர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: ஒரு கருவிக்கு 10,000 பாட்டுதான் டவுன்லோடு. 'மொத்தத்தையும் இறக்கு' என்று கட்டளை போட்டால் பத்தாயிரத்தோடு நின்றுவிடும், எது வந்தது எது வரவில்லை என்று நெட் போன பிறகே தெரியும். பயணத்துக்கென்று ஒரு பிளேலிஸ்ட் போட்டு, கிளம்பும் முன் விமானப் பயன்முறையில் ஒரு பாட்டு ஓட்டிப் பாருங்கள்.

கே: கச்சேரிப் பதிவில் ஆலாபனை முடிந்து கீர்த்தனை எடுக்கும் இடத்தில் ஒரு விக்கல். உயிரே போகிறது.
— ஒரு ரசிகை, மயிலாப்பூர்

ப: எம்பி3 ஒலியை 1152 மாதிரிகள் கொண்ட துண்டுகளாக வெட்டுகிறது. பாட்டு அந்தக் கணக்கில் சரியாக முடியாவிட்டால் கடைசித் துண்டை அமைதியால் நிரப்பும். தொடக்கத்திலும் கொஞ்சம் அமைதி சேரும். இரண்டும் சேர்ந்ததுதான் அந்த விக்கல். லேம் என்ற மென்பொருளில் செய்த எம்பி3 என்றால், எவ்வளவு அமைதி சேர்ந்தது என்ற குறிப்பு ஃபைலுக்குள்ளேயே இருக்கும். ஆப்பில் 'கேப்லெஸ்' என்பதைப் போட்டால் அதைப் படித்து வெட்டிவிடும். சர்வர் வடிவத்தை மாற்றி அனுப்பும்போது அந்தக் குறிப்பு தொலையக்கூடும், எனவே கச்சேரிக்கு மட்டும் மூல ஃபைலையே கேளுங்கள். 'கிராஸ்ஃபேட்' இயங்கினால் உடனே நிறுத்துங்கள். தம்புராவின் மேல் தம்புராவை ஏற்றுவது பாவம்.

கே: பென்டிரைவில் ஒரே ஃபோல்டரில் எல்லாப் பாட்டையும் போட்டால் பாதியில் காப்பி நின்றுவிடுகிறது. இடம் நிறைய இருக்கிறது.
— ஒரு கார் ஓட்டுநர், ஈரோடு

ப: இடம் இருக்கிறது, பதிவேட்டில் வரி இல்லை. ஃபாட்32 முறையில் ஒரு ஃபோல்டருக்கு 65,536 வரிதான். நீளமான பெயருக்குப் பதின்மூன்று குறிக்கு ஒரு வரி வீதம், அதோடு இன்னொன்று. ஐம்பது குறியில் பெயர் வைத்தால் பாட்டுக்கு ஐந்து வரி. சுமார் 13,000 பாட்டோடு கதவு மூடிவிடும். படத்துக்கு ஒரு ஃபோல்டராகப் பிரித்துப் போடுங்கள்.

கே: இதயக்குறி போட்ட பாட்டு ஒன்று சாம்பல் நிறமாகிவிட்டது. தொட்டாலும் ஓடவில்லை.
— ஒரு வாசகி, வேலூர்

ப: உங்கள் போனில் கோளாறு இல்லை. பாட்டின் உரிமம் காலாவதியாகியிருக்கும், அல்லது அதே பாட்டு வேறு ஆல்பமாக மறுபடி ஏறியிருக்கும். பெயரைப் போட்டுத் தேடுங்கள். இரண்டாவது காரணமென்றால் பக்கத்திலேயே புதிதாக நிற்கும்.

கே: நான் பாட்டு கேட்ட ஆப்பே மூடிவிட்டது. பத்து வருடப் பட்டியல் போயிற்று. இனி யாரை நம்புவது?
— ஒரு வாசகர், மதுரை

ப: உங்கள் வருத்தம் நியாயமானது, பாட்டைவிட, பாட்டை அடுக்கிய வரிசையில்தான் நம் வாழ்க்கை இருக்கிறது. கூகுள் பிளே மியூசிக் 50,000 பாட்டுவரை ஏற்ற இடம் கொடுத்தது, 2020-இல் மூடியது. ரெஸ்ஸோ 2024 ஜனவரியோடு இந்தியாவில் நின்றது. அதே ஆண்டு ஏர்டெல்லின் விங்க் மூடுவதாக அறிவிப்பு வந்தது. ஒவ்வொரு முறையும் பட்டியலை எடுத்துக்கொள்ளக் கொஞ்சம் அவகாசம் இருந்திருக்கும், நமக்குத்தான் அறிவிப்பைப் படிக்கும் பழக்கமில்லை.

ஆகவே ஆப் நன்றாக ஓடும்போதே எடுத்து வையுங்கள். யூடியூப் மியூசிக் என்றால் கூகுள் டேக்அவுட் வழியாகப் பட்டியல் ஃபைலாகக் கிடைக்கும். மற்றவற்றுக்குப் பட்டியலை இடம் மாற்றித் தரும் சேவைகள் உண்டு. சொந்த சர்வர்காரர்களே, நீங்களும் நிம்மதியாக உட்கார வேண்டாம். இதயக்குறி, நட்சத்திரம், எத்தனை முறை கேட்டீர்கள் என்ற கணக்கு எல்லாம் பெரும்பாலும் பாட்டு ஃபைலுக்குள் இருப்பதில்லை; சர்வரின் தரவுதளத்தில் இருக்கிறது. பாட்டை மட்டும் ஹார்டு டிஸ்கில் காப்பி செய்துவிட்டு தரவுதள ஃபைலை விட்டுவிட்டால் வெறும் பாட்டுதான் திரும்பும். பிளேலிஸ்ட்டுகளை எம்3யு ஃபைலாக, டிரைவ் பெயரிலிருந்து தொடங்கும் முழு முகவரி இல்லாமல், பாட்டு ஃபோல்டரிலிருந்து தொடங்கும் முகவரியோடு சேமியுங்கள். பிறகு இன்னொரு கம்ப்யூட்டரில் அந்த எம்3யு-வைத் திறந்து, முதல் பாட்டும் நடுப்பாட்டும் கடைசிப் பாட்டும் ஓடுகின்றனவா என்று பாருங்கள். ஓடாவிட்டால் எந்த வரியில் நிற்கிறது என்று எழுதுங்கள், அடுத்த வாரம் முதல் கடிதமாக உங்களுடையதை எடுத்துக்கொள்கிறேன்.